400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: கடைசி ஐம்பது மட்டும் பார்த்தால் போதுமா?

26 ஜூலை 2025, மாலை (வாசகர் கேட்டது)

அக்கா, நாளை சிங்கப்பூர் உலக நீச்சலில் முதல் நாளே பெண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், அடிக்க வராதீர்கள். 100 மீட்டர் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். 1500 என்றால் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வரலாம். இந்த 400 மட்டும் இரண்டும்கெட்டான். முதல் 350 மீட்டரில் ஒன்றும் நடப்பதில்லை. கடைசி 50-ஐப் பார்த்தால் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் லெடக்கி அவசரப்பட்டு முன்னால் போனார், கடைசியில் காலியாகித் தோற்றார். இல்லையென்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

26 ஜூலை, இரவு

இல்லை.

டோக்கியோ ஃபைனல் நடந்து இன்றோடு சரியாக நாலு வருஷம், 2021 ஜூலை 26. நல்ல நாளாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். பாதித் தூரத்தில், அதாவது 200-இல், லெடக்கி 1:57.44, ஆஸ்திரேலியாவின் டிட்மஸ் 1:58.10. முடிவில் டிட்மஸ் 3:56.69, லெடக்கி 3:57.36. இப்போது கழித்துப் பாருங்கள். லெடக்கியின் பின்பாதி 1:59.92. நானூறின் பின்பாதியை இரண்டு நிமிஷத்துக்குள் முடித்தவரைக் காலியானவர் என்றால், காலியாகாதவர் எப்படி இருப்பார்? அன்றைக்கு அவர் நீந்தியது அதுவரையான அவருடைய இரண்டாவது சிறந்த நேரம். அதைவிட வேகமாக அவர் நீந்தியது 2016 ரியோ ஒலிம்பிக்கில் மட்டும்தான், 3:56.46, அது அப்போதைய உலக சாதனை. டோக்கியோவில் மூன்றாவதாக வந்த சீனாவின் லி பிங்ஜி 4:01.08. முன்னால் போன இருவரும் வேறு ஏதோ பந்தயத்தில் இருந்தார்கள்.

லெடக்கி தோற்றதற்குக் காரணம், டிட்மஸ் பின்பாதியை 1:58.59-இல் நீந்தினார், அவ்வளவுதான். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் அரை நொடிதான் வித்தியாசம்.

கடைசி 50-ஐப் பற்றியும் ஒன்று. கடைசித் திருப்பத்துக்கு வரும்போதே டிட்மஸ் முன்னால் வந்துவிட்டார். கடைசி நீளத்தை (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு நீளம், 50 மீட்டர்; 400-க்கு எட்டு) மட்டும் பார்த்தவர்கள் பார்த்தது ஜெயித்துக்கொண்டிருந்த ஒருவரை. 0.66 நொடி பின்னால் இருந்தவர் எப்படி முன்னால் வந்தார் என்பது ஐந்து, ஆறு, ஏழாவது நீளங்களில் இருக்கிறது. டிவிக்காரர்கள் மற்ற நாட்டுக்காரர்களைக் காட்டவும் பழைய பதக்கக் கதை பேசவும் எடுத்துக்கொள்வதும் அதே நேரத்தைத்தான்.

27 ஜூலை, காலை

"ஐந்தாவது நீளத்தில் அப்படி என்ன இருக்கிறது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நீந்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் கல்லூரி நாட்களில் 400 நீந்தியவள். நேரத்தைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த இழையில் எனக்கு இருக்கும் மரியாதை போய்விடும்.

முதல் 100 இலவசம். டைவ் அடித்த வேகம் இருக்கிறது, உடம்பில் சூடு ஏறவில்லை, எல்லாமே சுலபமாகத் தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். இரண்டாவது 100-இல் மூச்சும் கையும் ஒரு தாளத்துக்கு வரும். கடைசி 100-இல் வலி இருந்தாலும் சுவர் அருகில் இருக்கிறது என்ற நினைப்பே இழுத்துக்கொண்டு போகும். நடுவில் இருக்கும் மூன்றாவது 100-க்குத்தான் யாரும் துணை இல்லை. தொடக்கத்தின் வேகம் தீர்ந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணில் படாது. தோள் கனக்க ஆரம்பிக்கும். தண்ணீரைப் பிடிக்க வேண்டிய முழங்கை தானாகக் கீழே இறங்கும். இறங்கியது தெரியவே தெரியாது, அதுதான் கொடுமை. அதே வேகத்தில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நீளத்திலும் அரை நொடி இழப்போம். அதே வேகத்தில் போவதற்கே அங்கே கூடுதலாக உழைக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு உழைப்பவர்கள்தான் டிட்மஸ் மாதிரி ஆட்கள்.

எங்கள் கோச் மூன்றாவது 100 வரும்போது மட்டும் குளத்தோரமாகக் கூடவே நடந்து வருவார். கத்த மாட்டார், கையை மட்டும் ஆட்டுவார். (டோக்கியோவில் டிட்மஸின் கோச் டீன் பாக்ஸால் மாடித் தடுப்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டு ஆடினாரே, அந்த ரகம் இல்லை.)

27 ஜூலை, இரவு

முடிந்தது. கனடாவின் மெக்கின்டாஷ் 3:56.26. லி பிங்ஜி 3:58.21. லெடக்கி 3:58.49.

எதிர்பார்த்த தங்கம்தான். ஜூன் மாதம் விக்டோரியாவில் கனடா தேர்வுப் போட்டியில் 3:54.18 நீந்தி உலக சாதனை வைத்தவர், இங்கே கிட்டத்தட்ட இரண்டு நொடி இடைவெளியில் தனியாக வந்து முடித்தார். என்னைக் கேட்டால் இன்றைய பந்தயம் இரண்டாம் இடத்துக்குத்தான். லி பிங்ஜிக்கு இது ஆசிய சாதனை. டோக்கியோவில் வெண்கலம் வாங்கியபோது வைத்த நேரத்தைவிட ஏறக்குறைய மூன்று நொடி குறைவு. நாலு வருஷத்தில் மூன்று நொடி என்பது இந்தத் தூரத்தில் பெரிய விஷயம். அதுவும் கடைசிக் கட்டத்தில் லெடக்கியை முந்திப் பிடித்த இடம்.

முதலில் கேள்வி கேட்ட தம்பி இப்போதே வருவார், "பார்த்தீர்களா, கடைசிக் கட்டம்" என்று.

28 ஜூலை

வந்துவிட்டார். சரி, பேசுவோம்.

நான் சொன்னதைக் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு என்ற என் கணக்கு, பின்னாலிருந்து ஒருவர் துரத்தி வந்து வெல்லும் பந்தயங்களுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். பாரிஸ் 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிட்மஸ் சீக்கிரமே முன்னால் போய் அங்கேயே இருந்துவிட்டார். 3:57.49. மெக்கின்டாஷ் 3:58.37-இல் வெள்ளி, லெடக்கி 4:00.86-இல் வெண்கலம். முந்தல் இல்லை, திருப்புமுனை இல்லை. டோக்கியோவில் துரத்தியவர் பாரிஸில் துரத்தப்பட்டார். ஆனாலும் நடு நீளங்களில் அவர் வழி விடவில்லை என்பதும் ஒரு நிகழ்வுதானே? ஒன்றும் நடக்காத மாதிரி தோன்றுவதற்கு அவர் அங்கே எவ்வளவு உழைத்திருப்பார்!

பெய்ஜிங் 2008-ஐயும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். ரெபெக்கா அட்லிங்டன் 4:03.22, கேட்டி ஹாஃப் 4:03.29. ஹாஃப் முன்னால் போய்க்கொண்டிருந்தார், சுவரை நெருங்கும்போது பக்கத்தில் இன்னொரு கை. நூறில் ஏழு பங்கு நொடி. ஜோஆன் ஜாக்சன் 4:03.52-இல் மூன்றாவது. இது உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி. எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றே ஒன்றுதான் தருவேன்.

அதே பந்தயத்தில் உலக சாதனையைக் கையில் வைத்துக்கொண்டு வந்த ஃபெடரிகா பெல்லெக்ரினி ஐந்தாவது. இரண்டு நாள் கழித்து 200-இல் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். 400-இல் வேகம் இருந்தால் மட்டும் போதாது, அன்றைக்கு எங்கே செலவழிக்கிறோம் என்பதுதான்.

30 ஜூலை

டிவியில் தண்ணீருக்கு மேல் ஓடும் உலக சாதனைக் கோட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: அதை நம்பி யாரையும் திட்டாதீர்கள். முன்பு சாதனை வைத்தவர் எந்தக் கட்டத்தில் வேகமாகப் போனாரோ, அந்தக் கோடும் அங்கே வேகமாகப் போகும். ஆரம்பத்தில் பாய்ந்தவரின் சாதனை என்றால், நிதானமாக ஆரம்பிப்பவர் பாதி வழி வரை தோற்றுக்கொண்டிருப்பது போலவே தெரியும். ஜேனட் எவன்ஸ் 1988 சியோலில் 4:03.85 வைத்தபோது பின்பாதியை முன்பாதியைவிட வேகமாக நீந்தினார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கோடு இருந்து, முன்னால் பாய்ந்த பழைய சாதனையைக் காட்டியிருந்தால், வர்ணனையாளர் நடுவிலேயே அனுதாபம் தெரிவித்திருப்பார்.

அந்த 4:03.85-ஐ முறியடிக்க 2006 வரை ஆனது. லோர் மனாடு. பதினேழு வயதுப் பெண் வைத்த சாதனை பதினேழு வருஷத்துக்கும் மேலாக நின்றது.

3 ஆகஸ்ட்

நேற்றைய 800 ஃபைனலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். லெடக்கி 8:05.62, லானி பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டாஷ் 8:07.29. எட்டு நிமிஷப் பந்தயத்தில் முதல் மூவரும் இரண்டு நொடிக்குள். இதை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. 400 யாருடையது என்ற கேள்விக்கு இந்த ஒரு வாரமே பதில். 400-இல் மெக்கின்டாஷ் லெடக்கியைவிட இரண்டு நொடிக்கும் மேல் வேகம். 800-இல் லெடக்கி அவரைவிட ஒன்றரை நொடிக்கும் மேல் வேகம். ஆறு நாள் இடைவெளி, அதே குளம்.

லெடக்கி நீண்ட தூரத்திலிருந்து 400-க்கு இறங்கி வருபவர். ரியோவில் 200-ஐயும் வென்றார் என்பது உண்மைதான், ஆனால் அவர் அடித்தளம் 800, 1500. டிட்மஸ் 200-இலிருந்து மேலே ஏறி வருபவர். 2024 ஜூனில் 200-இல் 1:52.23 என்று உலக சாதனையே வைத்தார். இருவரும் நடுவழியில் சந்திக்கும் இடம் 400. ரியோவில் லெடக்கி கிட்டத்தட்ட ஐந்து நொடி இடைவெளியில் வென்றபோது மேலே ஏறி வரும் ஆட்கள் யாரும் இல்லை. பிறகு வந்தார்கள்.

மெக்கின்டாஷ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள். பட்டர்ஃபிளை, மெட்லி (நாலு பாணியும் சேர்ந்தது), ஃப்ரீஸ்டைல், எல்லாவற்றிலும் இருக்கிறார். சிங்கப்பூரில் நாலு தங்கம், ஒரு வெண்கலம். எனக்கு அவரை எந்த அலமாரியில் வைப்பதென்று புரியவில்லை.

9 ஆகஸ்ட்

மேலே எழுதியதிலிருந்து கிளம்பிப் பழைய காலத்துக்குப் போய்விட்டேன். வேலை இருப்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 400 மீட்டர் 1924 பாரிஸில் வந்தது. 200-உம் 800-உம் வந்தது 1968 மெக்சிகோவில்தான். இடைப்பட்ட காலம் முழுக்க ஃப்ரீஸ்டைல் தனிநபர் பந்தயம் என்றால் 100 அல்லது 400, வேறு எதுவும் கிடையாது. 1500 வருவதற்கு டோக்கியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் 400-தான் பெண்களின் நெடுந்தூரம். நடுத்தூரம் என்று நாம் இப்போது சொல்வது, இரண்டு பக்கமும் பந்தயங்கள் வந்து சேர்ந்த பிறகு கிடைத்த பட்டம். மெக்சிகோவில் டெபி மேயர் என்ற பதினாறு வயதுப் பெண் 200, 400, 800 மூன்றையும் வாரிக்கொண்டு போனார். அதைத் திரும்பச் செய்ய 2016 லெடக்கி வர வேண்டியிருந்தது.

1924-இல் வென்றவர் மார்த்தா நோரேலியஸ். 6:02.2. 1928 ஆம்ஸ்டர்டாமிலும் அவரே. அதன் பிறகு இந்தப் பந்தயத்தில் தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக் வென்றவர் டிட்மஸ்தான், அதுவும் நூறு வருஷம் கழித்து அதே பாரிஸில். அந்த 1924 பந்தயத்தில் வெண்கலம் வாங்கிய கெர்ட்ரூட் எடர்லி இரண்டே வருஷத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் ஆனார். 400 போதவில்லை போலிருக்கிறது.

1932-இல் ஹெலன் மேடிசன் 5:28.5, லெனோர் கைட் 5:28.6. கையில் பிடித்த கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பத்தில் ஒரு பங்கை எப்படிப் பிரித்தார்களோ, அந்த நடுவர்களுக்கு ஒரு கும்பிடு.

10 ஆகஸ்ட்

நடுவர் என்றதும் ஞாபகம். நான் இப்போது மாநில அளவுப் போட்டிகளில் திருப்பம் பார்க்கும் நடுவராக உட்காருகிறேன். பந்தயத்தைப் பார்க்க அதைவிடச் சிறந்த இடமும் இல்லை, அதைவிட மோசமான இடமும் இல்லை. யார் முதலில் என்று தெரியாது. எனக்கு ஒதுக்கிய லேனில் வரும் பிள்ளையின் கால் சுவரில் பட்டதா என்பதை மட்டும் குனிந்து பார்ப்பேன். ஆனால் அந்தக் காலே நிறையச் சொல்லிவிடும். இரண்டாவது திருப்பத்தில் இரண்டு பாதமும் சேர்ந்து டச்பேடில் (நேரம் பதியச் சுவரில் மாட்டிய பலகை) பளாரென்று விழும், முழங்கால் மடிந்து உடம்பு அம்பு மாதிரி போகும். ஐந்தாவது, ஆறாவது திருப்பங்களில் பாதங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கோணலாக விழும். சுவரைத் தள்ளாமல் சுவரில் ஒரு கணம் இளைப்பாறிவிட்டுப் போவார்கள். தண்ணீருக்கடியில் போகும் தூரமும் குறைந்துவிடும், மூச்சுக்கு ஏங்கி உடனே மேலே வருவார்கள். அங்கே போவது திருப்பத்துக்கு ஒரு கால் நொடி என்றால்கூட எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. 800, 1500-இல் எத்தனை நீளம் மிச்சம் என்று அட்டை காட்டுவோம், கடைசி இரண்டு நீளத்துக்கு மணி அடிப்போம். 400-க்கு அட்டையும் கிடையாது, மணியும் கிடையாது. எட்டுதானே, எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பெண் 300-இல் நின்று, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ஸ்கோர்போர்டைத் தேடியதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் திரும்பிப் போவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு பாய்ந்தாள். மூன்றாவது 100-இல் மூளையும் களைத்துப்போகும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்.

11 ஆகஸ்ட்

மூச்சு எடுக்கும் பக்கத்தைப் பற்றிக் கேட்டவருக்கு மட்டும். ஆமாம், முக்கியம். ஒரே பக்கம் மூச்சு எடுப்பவருக்குப் பக்கத்து லேன்காரர் போகும்போது தெரிவார், திரும்பி வரும்போது தெரிய மாட்டார். எட்டில் நாலு நீளம் எதிராளியைப் பார்க்காமலே நீந்த வேண்டும். திருப்பத்தில் சுவர் அருகே ஒரு நொடி நிழல் மாதிரி தெரிவதோடு சரி. முந்தப் போகிறவர் நீங்கள் பார்க்காத நீளத்தில்தான் முந்துவார். புத்திசாலிகள் அதைத் திட்டம் போட்டே செய்வார்கள்.

14 ஆகஸ்ட்

நம் நாட்டுப் பெண்கள் எங்கே என்று கேட்டவர், கேலியாகக் கேட்டிருந்தால் தள்ளி நில்லுங்கள். பாரிஸில் 200 ஃப்ரீஸ்டைலில் தினிதி தேசிங்கு நீந்தினார், பதினாலு வயது. 2:06.96, இருபத்து மூன்றாவது இடம். அரையிறுதிக்குப் பதினாறு பேர். டோக்கியோவில் மெக்கின்டாஷுக்கும் பதினாலு வயதுதான், 400-இல் நாலாவது வந்தார். இரண்டு பதினாலுக்கும் நடுவில் இருப்பது திறமை மட்டும் என்று நான் நம்பவில்லை. வருஷம் முழுக்க 50 மீட்டர் குளம், தினமும் பார்க்க ஒரு கோச், கூட நீந்தி விரட்ட நாலு பேர். இந்தக் கடைசிதான் மிகவும் கஷ்டம். தனியாக நீந்தி யாரும் மூன்றாவது 100-ஐக் கற்றுக்கொண்டதாக நான் பார்த்ததில்லை.

22 ஆகஸ்ட்

2023 ஃபுகுவோகா உலக நீச்சலைப் பற்றி யாருமே பேசவில்லையே. இந்தத் தூரத்தில் நான் பார்த்ததிலேயே நெருக்கடி மிகுந்த ஃபைனல் அதுதான். டிட்மஸ் 3:55.38, உலக சாதனை. லெடக்கி 3:58.73. எரிகா ஃபேர்வெதர் 3:59.59. மெக்கின்டாஷ் 3:59.94, நாலாவது. நாலு நிமிஷத்துக்குள் வந்தும் பதக்கம் இல்லை! அதுவும் அந்த வருஷம் மார்ச்சில் 3:56.08 நீந்தி உலக சாதனையைக் கையில் வைத்திருந்தவருக்கு.

நாலு நிமிஷத்தை முதலில் உடைத்தவர் பெல்லெக்ரினி, 2009 ரோம் உலக நீச்சலில், 3:59.15. மிதக்க உதவிய பாலியூரிதேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) உடை காலம், அந்த ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள். 2010 தொடக்கத்தில் அந்த உடைகளைத் தடை செய்தார்கள். தடைக்குப் பிறகு சாதாரணத் துணி உடையில் நாலுக்குள் முதலில் வந்தவர் லெடக்கி, 2013 பார்சிலோனாவில். அதனால்தான் ரோமின் நேரங்களை நான் அடைப்புக்குறிக்குள் போட்டே படிப்பேன். ஆனால் பெல்லெக்ரினியை மட்டும் அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. உடை எட்டுப் பேருக்கும்தான் இருந்தது.

17 அக்டோபர்

டிட்மஸ் ஓய்வு அறிவித்துவிட்டார். இருபத்தைந்து வயது. நாலு ஒலிம்பிக் தங்கம், மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். 2023-இல் சூலகத்திலிருந்த கட்டிகளை அறுவை செய்து எடுத்த பிறகு வந்து பாரிஸில் வென்றவர்.

வருத்தம்தான், ஆனால் ஆச்சரியமில்லை. ஒரு வருஷமாகக் குளத்துக்கு வெளியே இருந்தவர். இந்தத் தூரத்துக்குப் பயிற்சி செய்வது எப்படி இருக்கும் என்று கொஞ்சமாவது தெரிந்தவர்கள் "இன்னும் மூன்று வருஷம் தாங்கியிருக்கலாமே" என்று சொல்ல மாட்டார்கள். 200-க்கான வேகமும் வேண்டும், 800-க்கான தாங்குதிறனும் வேண்டும், இரண்டுக்கும் தனித்தனியாக உழைக்க வேண்டும். மூன்றாவது 100-ஐப் பற்றி நான் இங்கே பக்கம் பக்கமாக எழுதினேன். அவர் அதைக் காலையும் மாலையும் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்.

"அப்படியானால் லாஸ் ஏஞ்சலஸ் 2028 மெக்கின்டாஷுக்கு எழுதி வைத்ததுதானே" என்கிறார் தம்பி. நேரங்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, அப்போது அவருக்கு இருபத்தொன்று. லெடக்கிக்கு முப்பத்தொன்று ஆகும், அவர் 800-க்குத்தான் தன்னைச் சேமித்து வைப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் மெக்கின்டாஷ் இத்தனை பந்தயங்களில் எதை எடுப்பார், எதை விடுவார் என்பது போட்டிக்கு நாலு நாள் முன்புவரை யாருக்கும் தெரியாது. பந்தயம் கட்டச் சொன்னால் நான் லி பிங்ஜி பக்கம். சிங்கப்பூர்ப் பந்தயத்தை மறுபடி போட்டுப் பாருங்கள், மெக்கின்டாஷை விட்டுவிட்டு அவரை மட்டும்.